நாற்பத்தொரு கிழங்களும் ஓர் அத்தையும்

பதினொன்றாம் நம்பரின் தோளைத் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கிறாள் அத்தை. "எழுந்திருங்க. ம், எழுந்திருங்க. என்ன, இன்னிக்கு ஒரு மாதிரியா இருக்கீங்க?" பதினொன்றாம் நம்பர் எழுந்து, உயிரோடுதான் இருக்கிறேன் என்பதற்கு அடையாளமாகத் திரையில் ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்துகொள்கிறது. அத்தை நோட்டில் ஒரு டிக் போட்டு, ஒரு வாய் டீ குடித்து, பன்னிரண்டாம் நம்பரிடம் போகிறாள். என்னை இந்த மாதிரி மரியாதையாக ஒரு நாளாவது எழுப்பியிருப்பாளா? எனக்கு வாய்த்ததெல்லாம் போர்வையை உருவிக்கொண்டு போவதுதான்.

சனிக்கிழமை தவறாமல் நாற்பத்தொரு பேருக்கும் இந்தத் திருப்பள்ளியெழுச்சி உண்டு. பேர் என்றால் மனிதர்கள் இல்லை, ப்ரோக்ராம்கள். ஒரு தொழிற்சாலையின் சங்கை ஊதுவது ஒன்று. ஒரு நூலகத்தில் புத்தகம் திருப்பித் தரும் தேதியை அச்சடிப்பது ஒன்று. யாரோ ஒரு பல் டாக்டரின் நாற்காலியை ஏற்றி இறக்குவது ஒன்று. எழுதியவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப் பேர் எழுதியதையே மறந்துவிட்டார்கள். உலகத்தில் ஏதேதோ மூலையில் இவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று அவற்றை வைத்திருப்பவர்கள் அத்தைக்கு எழுதிப்போட்டு, ஒரு பிரதியையும் அனுப்பி வைத்தார்கள். அத்தையின் அறையில் அலமாரிக்குக் கீழே இருக்கும் ஒரு தடித்த கம்ப்யூட்டரில் அத்தனையும் குடியிருக்கின்றன. அதற்கு "முதியோர் இல்லம்" என்று பெயர் எழுதி நான் ஒரு சீட்டு ஒட்டினேன். அத்தை அதைக் கிழிக்கவில்லை. கோணலாக ஒட்டியிருந்ததை நேராக்கவும் இல்லை. ஒட்டினது ஒட்டினபடி இருக்கட்டும் என்பதுதான் அவளுடைய மதம்.

அவளுடைய வேலையை விளக்குவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிடும். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் கர்னல் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. எந்த ப்ரோக்ராம் ஓடலாம், எது காத்திருக்க வேண்டும் என்று அதிகாரம் செய்வது அதுதான். தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ப்ரோக்ராமை அது சில நேரம் தோளில் தட்டிச் சேதி சொல்லும். "மணியாச்சு" என்று சொல்லும். "உன்னை நிறுத்தச் சொல்றாங்க" என்று சொல்லும். "உன் பிள்ளை செத்துப்போச்சு" என்றுகூடச் சொல்லும். அந்தத் தட்டலுக்குப் பெயர் சிக்னல். கர்னலில் அந்த ஒரு மூலைக்குப் பத்தொன்பது வருஷமாக என் அத்தைதான் காவல். அடுத்த வீட்டுக்காரர் இன்றுவரை, தெருமுனையில் பச்சை விளக்கு சீக்கிரம் அணைந்துவிடுகிறது என்று அவளிடம்தான் புகார் சொல்கிறார். அத்தையும் "பாக்கிறேங்க" என்கிறாள்.

பத்தொன்பது வருஷத்தில் என்னதான் செய்தாய் என்று ஒரு முறை கேட்டேன். யோசித்துவிட்டு, "ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கிட்டேன்" என்றாள். இதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள். நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்திடம் பேசிப் பிரிந்துவந்து, இவள் வீட்டு மெத்தையில் நாளெல்லாம் ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு யாரும் ஒரு மிட்டாய்கூடக் கொடுத்ததில்லை.

அலுவலகத்தில் அவளுக்குக் கல்வெட்டு என்று பெயர். காரணம் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிற இன்ஜினியர்கள் எல்லாருக்கும் முதல் மாதத்தில் ஒரு கிறுக்குப் பிடிக்கும்: அத்தையின் மூலையில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சிக்னல் வந்துபோன பிறகு ஓர் இடத்தில் பூஜ்யம் இருக்க வேண்டும், அங்கே நான்கு இருக்கிறது என்று மூச்சு வாங்க ஓடி வருவார்கள். அத்தை உட்காரச் சொல்லுவாள். அந்த நான்கு பதினாறு வருஷமாக அங்கே இருப்பதையும், இருபத்தொன்பதாம் நம்பர் அந்த நான்கை எட்டிப் பார்த்துத்தான் அடுத்த அடி எடுத்து வைக்கிறது என்பதையும் சொல்லுவாள். பிறகு விளக்கப் புத்தகத்தைத் திறந்து, "இங்கே நான்கு இருக்கும்" என்று அவர்கள் கையாலேயே எழுதவைப்பாள். தப்பைத் திருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தப்புக்குப் பட்டா போட்டுக் கொடுப்பதை இவளிடம்தான் பார்த்தேன்.

வீட்டிலும் இதே கூத்துதான். எங்கள் வாசல் மணிக்கு ஒரு வியாதி. ஒரு முறை அமுக்கினால் பேசாது, இரண்டாவது முறைக்குத்தான் அடிக்கும். பால்காரர், தபால்காரர், காஸ் சிலிண்டர் போடுகிறவர் எல்லாரும் இரண்டு முறை அமுக்கப் பழகிவிட்டார்கள். ஒரு நாள் அத்தை அலுவலகத்தில் இருந்தபோது நான் வீடியோ பார்த்து அதைப் பிரித்து, கரி பிடித்திருந்த தகட்டைச் சுரண்டி, சரி செய்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம். மறுநாளிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் வழக்கம்போல இரண்டு முறை அமுக்க, மணி இரண்டு முறை அலற, ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று அத்தை ஒவ்வொரு முறையும் செருப்பைப் போடாமல் ஓடினாள். வாரக் கடைசியில் எலக்ட்ரீஷியனை வரவழைத்து, மணியைப் பழையபடி ஆக்கித் தரச் சொன்னாள்.

எலக்ட்ரீஷியன் டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பதாகவும், நன்றாக இருப்பதைக் கெடுத்துக் கொடுப்பதற்கு என்ன கூலி வாங்குவது என்று தனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார்.

"கெட்டுப்போனதுன்னு சொல்லாதீங்க. பழகிப்போனதுன்னு சொல்லுங்க" என்றாள் அத்தை. பிறகு என் பக்கம் திரும்பி, "ரெண்டு தடவை அமுக்கிப் பழகின விரல் என்னடி பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

அவர் போகும்போது என்னிடம் ரகசியமாக, வீட்டில் வேறு பெரியவர்கள் யாரும் இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆளைச் சொல்ல வேண்டுமானால், ஐம்பத்து மூன்று வயது, ஒல்லி, கண்ணாடியின் ஒரு கால் நூலால் கட்டியது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று என் அப்பாவிடம் கேட்டேன். "அவ எதையும் மாத்த மாட்டா" என்றார், அக்காவைப் பற்றிய முழு வரலாறும் அவ்வளவுதான் என்பதுபோல. பிஸ்கட்டை ஓரமாகச் சுற்றிக் கடித்து, நடுவிலிருக்கும் வட்டத்தைக் கடைசியில் சாப்பிடுவாள். எதற்காவது காத்திருக்கும்போது வலது உள்ளங்கையை மேஜைமேல் கவிழ்த்து வைத்துக்கொள்வாள். விரல்கூட அசையாது. முதல் நாள் பார்த்தபோது, கைக்கு அடியில் பூச்சி ஏதோ பிடித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அவளுக்கு இன்னொரு பழமொழியும் உண்டு, சொந்தத் தயாரிப்பு. "ஒரு தடவை நடந்தா அது அதிர்ஷ்டம். ரெண்டாவது தடவையும் நடந்தாத்தான் வேலை." சிக்னலின் ஆதிகாலத்தில், தட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு ப்ரோக்ராம் சொல்லி வைத்திருந்தால் கர்னல் அதை முதல் தட்டலோடு மறந்துவிடுமாம். முதல் தட்டலுக்கு அழகாகத் திரும்பிப் பார்த்த ப்ரோக்ராம், இரண்டாவது தட்டலுக்குச் செத்து விழும். அந்தக் காலத்தில் பட்ட அடி. அதனால் இன்றைக்கும் காஸ் அடுப்பை இரண்டு முறை பற்றவைத்துப் பார்த்துவிட்டுத்தான் சமைப்பாள்.

இப்படிப்பட்டவள்தான் இந்த வருஷம் ஒரு மாற்றம் செய்தாள்.

அதைப் புரிந்துகொள்ள ஒரு ஜன்னலை நினைத்துக்கொண்டால் போதும். ஜன்னல் முன்னால் ஒருவன் கடிதம் வருமா என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பின்னாலிருந்து யாரோ தோளைத் தட்டுகிறார்கள். திரும்பிப் பார்த்துவிட்டான். இப்போது அவன் திரும்ப ஜன்னல் முன்னால் உட்கார வேண்டுமா, இல்லை "கெடுத்துட்டாங்க" என்று எழுந்துவிட வேண்டுமா? பழைய வழி எழுந்துவிடுவது. புதிய வழி பேசாமல் மறுபடி உட்கார்வது. புதிய வழிதான் நல்லது என்று எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். எனக்கு எது வேண்டும் என்று ப்ரோக்ராமே கர்னலிடம் சொல்லிவிடலாம். தகராறு எங்கே என்றால், எதையுமே சொல்லாதவர்களிடம். அவர்கள் எழுதப்பட்ட காலத்தில் இப்படி ஒரு கேள்வியே கிடையாது. இந்த ஊமைகளுக்காக மட்டும் நூற்றுப் பதினான்கு வரி ஒட்டடை கர்னலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர்களையும் புதிய வழியில் விட்டுவிட்டால் அத்தனையையும் துடைத்து எறியலாம்.

ஆறு மாதம் யோசித்தாள். கடைசியில் துடைத்தாள். நாற்பத்தொரு கிழங்களையும் புதிய கர்னலில் ஏற்றி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். எல்லாம் எழுந்தன. நாற்பத்தொரு டிக். மேனேஜர் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார். கல்வெட்டே பெயர்ந்துவிட்டது என்று யாரோ சொல்ல, சிரிப்பு. அந்தப் பிரிவுக்கே அவளைத் தலைமையாகப் போடுவதாகப் பேச்சு. புதிய கர்னல் ஊருக்கெல்லாம் போகிற திங்கட்கிழமை அறிவிப்பு வருமாம். அந்த வாரம் அத்தை பல் தேய்க்கும்போது பாட்டு முணுமுணுத்தாள். சகிக்கவில்லை. சுருதி என்றால் என்ன என்று கேட்கிற குரல்.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதியோர் இல்லத்தின் மேல் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பொய்த் தெர்மாமீட்டர். பதினேழாம் நம்பரை ஏமாற்றுவதற்காக அத்தை செய்தது. பதினேழாம் நம்பர் ஒரு கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் ஓடும் ப்ரோக்ராம். அது ஜன்னல் முன்னால் தெர்மாமீட்டரின் பேச்சுக்காகக் காத்திருக்கும். மணிக்கொரு முறை சிக்னல் வந்து தட்டும். காத்திருப்பது கலைந்ததும் எழுந்து, முட்டை ட்ரேக்களை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டுத் திரும்ப வந்து உட்காரும். நிஜத் தெர்மாமீட்டர் சூடு மாறினால்தான் வாயைத் திறக்கும். நன்றாக நடக்கிற பொரிப்பகத்தில் அது மணிக்கணக்காக ஊமை. அதனால் பொய்ப் பெட்டியையும் அத்தை மூன்று மணிக்கொரு முறை பேசுமாறு வைத்திருந்தாள். பேசும்போது ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்தில் ஒரு திருகு. அதன்மேல் "திருகாதே" என்று ஒரு சீட்டு.

திருகாதே என்று எழுதினால்? மூன்று மணிக்கொரு முறை மினுக்குகிற விளக்கைப் பார்ப்பதைவிடச் சுவரைப் பார்க்கலாம். கடைசிவரை திருகிவிட்டேன். ஆம்புலன்ஸ் மாதிரி வினாடிக்கொரு முறை அடித்தது. வந்து கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள்தான் ஒட்டடை துடைப்பதில் மூழ்கியிருந்தாளே, கவனிக்கவில்லை. மறுநாள்தான் நாற்பத்தொரு டிக் போட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது. அத்தை கையில் மாவாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். பதினேழாம் நம்பரின் சொந்தக்காரி, கோழிக்காரக்கா. ப்ரோக்ராமை எழுதியது அவருடைய வீட்டுக்காரர்தான். அவர் ஐந்து வருஷத்துக்கு முன்னால், ப்ரோக்ராமைத் திருத்த வேண்டுமானால் தேவைப்படுகிற மூலநிரலையும் இன்னொருத்தியையும் கூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். முட்டைகளையும் அக்காவின் மாமியாரையும் இங்கேயே விட்டுவிட்டார்.

"தட்டு ஒண்ணும் திரும்ப மாட்டேங்குதும்மா. ட்ரே எல்லாம் அப்படியே நிக்குது" என்றார்.

விசாரித்ததில் வெளிவந்தது இது. கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரர் புதன்கிழமை வந்தவர், திங்கட்கிழமை வரவேண்டிய கர்னலின் வெள்ளோட்டப் பிரதியை ஆர்வக் கோளாறில் இப்போதே ஏற்றிவிட்டு வெளியூர் போய்விட்டார். சனிக்கிழமைதான் திரும்புவார். முட்டைக்கு ஆறாவது நாள். பதினெட்டாம் நாள்வரை மணிக்கொரு முறை திருப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். நாலாயிரத்து எண்ணூறு முட்டை. நேற்றிலிருந்து அக்காவும் மாமியாரும் மாற்றி மாற்றிக் கைப்பிடியை இழுத்து ட்ரேக்களைச் சாய்க்கிறார்கள்.

"மாமியாருக்குத் தோள் வீங்கிப்போச்சு. நான் கண்ணை மூடினா எந்திரிக்க மாட்டேன்னு பயமா இருக்கு. கோழிகூட அடைகாக்கையில தூங்கும்மா. நான் தூங்கல."

அத்தை மாவுக் கையோடு அறைக்குப் போனாள். நான் சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டேன். அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிவப்பு விளக்கு வினாடிக்கொரு முறை அடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு வேகமாகப் பேசுகிற தெர்மாமீட்டர் இருந்தால், தட்டலுக்கு எழாமல் மறுபடி உட்கார்ந்தவனைக்கூட அடுத்த வினாடி தெர்மாமீட்டரே எழுப்பிவிடும். பழைய வழியா புதிய வழியா என்ற வித்தியாசமே தெரியாது. அதைப் பார்த்துத்தான் டிக் போட்டிருக்கிறாள். திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பினாள். விளக்கு அணைந்தது. "எழுந்திருங்க" என்று பதினேழாம் நம்பரைத் தட்டினாள். அது எழவில்லை. மேஜைமேல் கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றாள். அது எழவே இல்லை.

"நான்தான் திருகினேன்" என்றேன்.

"தெரியும்."

"எப்படி?"

"இந்த வீட்டுல வேற யாரு இருக்கா?" கையிலிருந்த மாவைத் துடைத்தாள். "திருகாதேன்னு எழுதி வச்சா திருகத்தான்டி செய்வாங்க. அது தெரிஞ்சும் பெட்டியைப் பாக்காமத் தட்டினது நானு."

திட்டியிருக்கலாம். ஓர் அறை கொடுத்திருக்கலாம். நன்றாகத் திட்டத் தெரியாதவர்களோடு வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

மாலையில் மேனேஜரிடம் பேசினாள். திரையில் அவருடைய தலைக்குப் பின்னால் ஒரு செடி இருந்தது, பிளாஸ்டிக். நல்ல மனிதர்தான். உரம் போடாமலே பச்சையாக இருப்பதில் அந்தச் செடிக்குச் சமமானவர். ஒரு பொரிப்பகத்துக்காக உலகத்தை நிறுத்துவதா என்றார். அந்தம்மாவுக்கு மட்டும் பழைய கர்னலைப் போட்டுக் கொடுத்தால் தீர்ந்தது என்றார். அத்தை, கோழிக்காரக்கா என் போன் நம்பர் வைத்திருந்ததால் பேசிவிட்டார், நம்பர் இல்லாத ஊமைகள் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும் என்றாள். நூற்றுப் பதினான்கு வரியையும் திரும்ப வைக்க வேண்டும் என்றாள். அவர் செடியைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார், திரும்ப வைப்பதும் ஒரு மாற்றம்தான். எந்த மாற்றமும் நிரூபிக்கப்படாமல் உள்ளே வரக் கூடாது என்று பத்தொன்பது வருஷமாகச் சொன்னது யார்? சனிக்கிழமை மத்தியானத்துக்குள் நிஜமான இடத்தில் ஓட்டிக் காட்டினால் சரி. இல்லாவிட்டால் திங்கட்கிழமை இருக்கிறபடியே போகும்.

நியாயம்தான். அவள் வைத்த வேலியில் அவளே மாட்டிக்கொண்டாள். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் குஷியாகக்கூட இருந்தது.

"யோசிச்சுக்குங்க மேடம். பாராட்டினதெல்லாம் எல்லாருக்கும் போயாச்சு. தலைமைப் பொறுப்பு வேற பேச்சுல இருக்கு. இப்ப திரும்ப எடுத்தா உங்க பேருதான் அடிபடும்."

"என் பேரு என்ன முட்டையா, அடிபட்டா உடைய" என்றாள் அத்தை.

அன்றைக்கே எல்லா இன்ஜினியர்களுக்கும் எழுதினாள். எட்டிப் பார்த்தேன். முதல் வரி: "நான் உடைத்துவிட்டேன்." அடுத்த வரியில் யாருடைய வேலை எப்படி நின்றது என்று இருந்தது. மூன்றாவது வரி: "சோதனைப் பெட்டி தவறான வேகத்தில் இருந்தது, அதை நான் பார்க்கவில்லை." என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்ஜினியர்கள் படித்துச் சிரித்திருப்பார்கள். கல்வெட்டு ஒரே ஒரு முறை பெயர்ந்தது, அதுவும் காலில் விழுந்தது. நானாக இருந்தால் குறைந்தபட்சம் கடைக்காரர் மேலாவது பழியைப் போட்டிருப்பேன். பிழைக்கத் தெரியாத ஜென்மம்.

வெள்ளிக்கிழமை முழுவதும் அந்த ஒட்டடையை ஒவ்வொரு நூலாகத் திரும்பக் கட்டினாள். கோழிக்காரக்காவுக்கு மணிக்கொரு முறை போன் செய்து எழுப்புகிற வேலையை, யாரும் சொல்லாமலே நான் எடுத்துக்கொண்டேன். மெத்தையில் சும்மாதானே கிடந்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை அடிக்கவிடுவேன். முதல் தடவைக்கு அவர் எழுவதில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைக்காரர் பொரிப்பகத்துக்கு வந்தார். இன்றைக்கு ஓடப்போவது பழையது இல்லை, திருத்திய புதியது, தவறினால் உடனே பழையதைப் போட்டுவிடுவோம் என்று அத்தை கோழிக்காரக்காவிடம் முன்னாடியே சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தாள். "போடுங்கம்மா. முட்டையிட்டவளுக்குத்தான் வலி தெரியும்னு சொல்லுவாங்க. இங்க முட்டையிடாத எனக்கே தெரியுது" என்று அவர் சிரித்தாராம். கடைக்காரர் ஏற்றி முடித்துவிட்டு நகர்ந்தார். போனை இயந்திரத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு இணைப்பைத் துண்டிக்காமல் இருக்கச் சொன்னாள் அத்தை.

இங்கே எங்கள் சமையலறை மேஜையில் இன்னொரு போன், ஸ்பீக்கரில். அதற்குள்ளிருந்து மின்விசிறி இரைகிற மாதிரி ஒரு சத்தம். அத்தை குழாயை இறுக்கி மூடினாள். ஃப்ரிட்ஜின் ப்ளக்கைப் பிடுங்கினாள். நாற்பத்தொரு கிழங்களும் இன்றைக்குத் தட்டுவாரில்லாமல் கிடந்தன. அவள் நாற்காலியில் உட்கார்ந்து கையை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

பதினோரு மணிக்கு, போனுக்குள் ஏதோ ஒரு பெரிய மரப்பெட்டி சோம்பல் முறிப்பதுபோலக் கடகடவென்று ஒரு சத்தம்.

கோழிக்காரக்கா கூவினார். "திரும்பிடுச்சும்மா. தானா திரும்பிடுச்சு." போதுமே, போனை வைத்துவிட்டு ஆளுக்கொரு டீ போடலாமே என்றேன். அத்தை அசையவில்லை. "இன்னொண்ணு வரட்டும்."

அதாவது இன்னும் ஒரு மணி நேரம். இந்த மாதிரி ஒருத்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பால்காரர் காசு வாங்க வருகிற நாள் வேறு. இரண்டு முறை அமுக்கினால் அந்த மணி இந்தத் தெருவையே எழுப்பும். நான் வாசலுக்குப் போய், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, முதுகால் மணிப் பொத்தானை மறைத்து நின்றேன். பால்காரர் வந்தார். வாயில் விரலை வைத்துக் காட்டினேன். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று சைகையில் கேட்டார். நாலாயிரத்து எண்ணூறு பேருக்கு என்று எந்த சைகையில் சொல்ல? தலையை மட்டும் ஆட்டினேன். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

பதினொன்றே கால் இருக்கும். போனிலிருந்து வேறு ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. முதலில் இயந்திரம்தான் கெட்டுவிட்டது என்று பயந்தேன். அத்தை தலையைச் சாய்த்துக் கேட்டாள். குறட்டை. கோழிக்காரக்கா இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டார். மூன்று நாள் தூக்கம், லாரி ஏற்றத்தில் ஏறுகிற மாதிரி வந்துகொண்டிருந்தது.

நான் வாசலிலிருந்து அத்தையைப் பார்த்தேன். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. நூல் கட்டிய கண்ணாடி மூக்கில் பாதி இறங்கியிருந்தது. அதைத் தள்ளிவிடக்கூட அவள் கையை எடுக்கவில்லை. மேனேஜரிடமிருந்து ஏதோ வந்ததற்கு அடையாளமாகக் கம்ப்யூட்டர் திரை ஒரு முறை ஒளிர்ந்து அணைந்தது. அதையும் பார்க்கவில்லை. குறட்டையையும் அதற்குப் பின்னாலிருந்த இரைச்சலையும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு மணி. சுவர்க் கடிகாரம் மூன்று நிமிஷம் முன்னால் ஓடும், அதையும் இவள் திருத்தவிடவில்லை. பன்னிரண்டு ஒன்று. பன்னிரண்டு இரண்டு. என் முதுகில் மணிப் பொத்தான் குத்திக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மூன்று.

கடகடவென்று சத்தம் வந்தது. குறட்டை கலையவே இல்லை. அத்தை யாரையும் கூப்பிடவில்லை, போனையும் அணைக்கவில்லை. மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்த கையை, உள்ளே ஏதோ இருப்பதுபோல, மெதுவாக மறுபக்கம் சாய்த்து வைத்தாள்.